பாகிஸ்தானோடு அணு ஆயுத ஒப்பந்தம்: எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

கணியம்பாடி அண்ணன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி ராணுவத்தில் இருக்கிறான், ராஜஸ்தான் பக்கம். 2025 மே 7லிருந்து 10ஆம் தேதி வரைக்கும் பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது அவனிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. அம்மா சாமி மாடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. 10ஆம் தேதி சாயங்காலம் சண்டை நிற்கிறது என்று டிவியில் சொன்னார்கள். அன்று மதியம் 3.35க்குப் பாகிஸ்தானுடைய டிஜிஎம்ஓ, அதாவது ராணுவ நடவடிக்கைகளைக் கவனிக்கிற தலைமை அதிகாரி, நம்ம டிஜிஎம்ஓவுக்குப் போன் போட்டாராம், 5 மணியிலிருந்து நிறுத்துவது என்று பேசி முடித்தார்களாம். ஒரே ஒரு போன் லைன். அது மட்டும் இல்லையென்றால் என்ற நினைப்பு என்னை இன்னும் விடவில்லை.

2026 ஜனவரி 1 அன்று பேப்பர் உள்பக்கத்தில் சின்னச் செய்தி ஒன்று. இந்தியாவும் பாகிஸ்தானும் தங்கள் அணுசக்தி நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொண்டன, இது 35வது முறை. தேடிப் படித்தேன். 1988 டிசம்பர் 31 அன்று ராஜீவ் காந்தியும் பெனாசிர் பூட்டோவும் இருந்தபோது இஸ்லாமாபாத்தில் கையெழுத்தானது. 1991இல் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்கக் கூடாது என்பதுதான் ஒப்பந்தம். வருஷா வருஷம் எந்த நிலையம் எந்த அட்சரேகை, எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று நாமே எழுதிக் கொடுக்கிறோம், அவர்களும் கொடுக்கிறார்கள். கல்பாக்கம் மாதிரி அணுமின் உலைகளும் இந்த வரையறைக்குள்தான் வருகின்றன. கார்கில் வந்தது, மும்பை வந்தது, பாலகோட் வந்தது, 2025 மே மாதமும் வந்தது. பட்டியல் ஒரு வருஷம்கூட நிற்கவில்லை.

இதைவிடப் பெரிய ஒப்பந்தம் ஒன்று போட வேண்டுமென்றால் நாம் எதைக் கொடுக்க வேண்டியிருக்கும், எதை வாங்க முடியும்? நம்ம வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துக்குப் போகிற பக்கம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்மவான்பேட்டை சுபேதார்

தம்பி, உன் தம்பி நல்லா இருக்கட்டும். கேட்டதற்கு மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நான் இதற்கு எதிர்.

1999 பிப்ரவரி 21, லாகூர். வாஜ்பாயி பஸ்ஸில் போய்க் கையெழுத்துப் போட்டார். அணு ஆயுத விபத்து நடந்தால் சொல்ல வேண்டும், ஏவுகணைச் சோதனைக்கு முன்னால் தெரிவிக்க வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. அந்த மை காய்வதற்குள் பாகிஸ்தான் ஆட்கள் கார்கில் முகட்டில் நம்ம பங்கரில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மே மாதம்தான் நமக்குத் தெரிந்தது. 527 பேரை இழந்து அந்த மலையைத் திரும்ப எடுத்தோம்.

2001 டிசம்பர் 13 நாடாளுமன்றத் தாக்குதலுக்கு அப்புறம் ஆபரேஷன் பராக்கிரம் என்று படையை எல்லைக்குக் கொண்டுபோனார்கள். பத்து மாதம் எல்லையில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் பிளாட்டூனுக்கு மைன், அதாவது கண்ணிவெடி, புதைக்கிற வேலை. ராத்திரியில் குனிந்தபடியே போய் ஒவ்வொன்றாக வைத்து, ஃபியூஸ் போட்டு, மண்ணை மூடி, கயிறு பிடித்து அளந்து நோட்டில் எழுதுவோம். வரிசை இத்தனை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இத்தனை அடி என்று. கை நடுங்கினால் நோட்டுப் பிடிக்கிறவன் வேறு ஆளாக மாறிவிட வேண்டும், அதுதான் ஆர்டர். இரண்டு பக்கமும் அணு குண்டு வைத்திருக்கிறார்கள், நாங்களோ முட்டி போட்டு மண் தள்ளிக்கொண்டு இருக்கிறோம். அந்தப் பத்து மாதத்தில் எந்த ஒப்பந்தமும் எங்களுக்குத் துணைக்கு வரவில்லை.

முதலில் அணு ஆயுதம் பயன்படுத்த மாட்டோம் என்று நம்ம நாடு 2003இல் எழுதியே வைத்துவிட்டது. அவர்கள் இன்றைக்கு வரைக்கும் அதைச் சொல்லவில்லை. 60 கிலோமீட்டர் போகிற நஸ்ர் ஏவுகணையை 2011இல் சோதித்தார்கள். அது டெல்லிக்கு இல்லை, உள்ளே வருகிற நம்ம டாங்கிக்கு. நாம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாகிவிட்டது. இனி எதைக் கொடுப்பது?

மேல்விஷாரம் பாய்

சுபேதார் ஐயாவுக்கு சலாம். நீங்க சொன்ன லாகூர் விஷயம் எனக்கும் வலிக்குது. ஆனா நம்பிக்கையை வச்சிகினு ஒப்பந்தம் போட்டா அப்பிடித்தான் ஆகும். நான் வேற ஒரு பக்கத்துல இருந்து சொல்றேன்.

இருபது வருஷமா தோல் கம்பெனிங்களோட கழிவுத் தண்ணி சுத்தம் பண்ற பிளாண்ட்ல ஷிப்ட் பாக்குறேன். ஆரம்பத்துல நான் வேலை செஞ்ச ஒரு கம்பெனியில என்னா பண்ணுவாங்கன்னா, சோதனைக்கு ஆள் வராங்கன்னு முந்தின நாளே தகவல் வந்துடும். ராத்திரியோட சுண்ணாம்புத் தொட்டியைக் கழுவி விட்டு, கிணத்துத் தண்ணியை லைன்ல கலந்து உட்டா, மறுநாள் சாம்பிள் கண்ணாடி மாதிரி இருக்கும். மீட்டர்ல ஈய சீல் இருக்கும். சீல் மேல கையே வைக்க மாட்டாங்க. மீட்டருக்கு முன்னாடி ஒரு கிளை பைப்பு போட்டுட்டா சீல் இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா?

அப்புறம் மாறுச்சு. மூணு கணக்கைப் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாக்க ஆரம்பிச்சாங்க. எத்தினி தோல் உள்ள வந்துச்சு, தோல் பதப்படுத்த எத்தினி கிலோ குரோம் வாங்குனான், எத்தினி லிட்டர் வெளிய போச்சு. இதோட மோட்டாருக்கு ஆன கரண்ட் பில். நாலும் ஒண்ணோட ஒண்ணு ஒத்து வரணும். தோல் நிறைய, தண்ணி கம்மின்னா எங்கியோ கள்ள பைப்பு கீது. யாரையும் நம்ப வேணாம், யாரையும் திட்ட வேணாம். நோட்டைப் பாத்தா போதும்.

அதனால என் கேள்வி ஒண்ணுதான். அணு விஷயத்துல இந்த மாதிரி நோட்டு யாராச்சும் வச்சிருக்காங்களா? 35 வருஷமா பட்டியல் குடுக்குறாங்களே, அந்தப் பட்டியல்ல எழுதாம உட்ட நிலையம் இருந்தா அதை யார் போய்ப் பாக்குறது?

காட்பாடி பிசிக்ஸ் டீச்சர்

பாய், நீங்கள் சொன்ன நோட்டுதான் வியன்னாவில் இருக்கிற சர்வதேச அணுசக்தி முகமையின் வேலையே. சீல், கேமரா, உள்ளே வந்த பொருள், வெளியே போன பொருள். 1988 ஒப்பந்தத்தில் அது கிடையாது. பட்டியல் கொடுப்பதோடு சரி, போய்ப் பார்க்கிற உரிமை யாருக்கும் இல்லை.

கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு என் பிள்ளைகளுக்குச் சொல்கிற ஒன்றைச் சொல்கிறேன். மண்ணிலிருந்து எடுக்கிற யுரேனியத்தில் 1000 அணு எடுத்தால் 7தான் பிளந்து சக்தி கொடுக்கிற 235 வகை, மற்றதெல்லாம் 238. லேபில் ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கிற மெஷின் பார்த்திருப்பீர்கள். அதே வேலையை மிக வேகமாகச் செய்கிற ஆயிரக்கணக்கான சென்ட்ரிஃபியூஜ்களை வரிசையாக வைத்து, முறத்தில் புடைக்கிற மாதிரி 238ஐ வெளியே தள்ளுகிறார்கள். இதைத்தான் செறிவூட்டுவது என்கிறார்கள். அந்த 1000இல் 825ஐத் தள்ளினால் மிஞ்சுவது 175. அதில் 7 என்றால் 4 சதவீதம், மின் உலைக்குப் போதும். இன்னும் 140ஐத் தள்ளினால் 35இல் 7, அதாவது 20 சதவீதம். இன்னும் வெறும் 27ஐத் தள்ளினால் 8இல் 7. அது கிட்டத்தட்ட குண்டுக்கான தரம். மின்சாரத்துக்கு என்று ஆரம்பித்து 4 சதவீதம் வரை வந்துவிட்டாலே கஷ்டமான பகுதி முடிந்துவிடுகிறது. இடையில் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டும்.

ஈரானோடு 2015 ஜூலை 14 அன்று ஆறு நாடுகள் போட்ட ஒப்பந்தம் அப்படித்தான் எழுதப்பட்டது. 3.67 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, 300 கிலோவுக்கு மேல் வைக்கக் கூடாது, அதுவும் 15 வருஷத்துக்கு. அதற்கு மாற்றாக ஈரான் மேல் இருந்த பொருளாதாரத் தடைகள் நீங்கின. குறை இல்லாமல் இல்லை. ஏவுகணையைப் பற்றி அதில் பேச்சே கிடையாது, அக்கம்பக்கத்தில் ஈரான் வளர்த்த ஆயுதக் குழுக்களைப் பற்றியும் கிடையாது. 15 வருஷம் முடிந்தால் என்ன என்ற கேள்வி நியாயமான கேள்வி. ஆனால் பார்க்கிற ஆள் உள்ளே இருந்தார். 2018 மே 8 அன்று அமெரிக்கா வெளியேறியது. 2021இல் ஈரான் 60 சதவீதத்துக்குப் போனது. 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரான் நிலையங்கள் மேல் குண்டு போடுவதற்கு முன்னால் அந்த 60 சதவீதச் சரக்கு சுமார் 440 கிலோ என்று முகமை கணக்குச் சொன்னது. குண்டு விழுந்த பிறகு மாதக்கணக்கில் அந்தச் சரக்கை யாரும் நேரில் பார்த்து உறுதி செய்ய முடியவில்லை. கட்டடம் இடிந்தது, கணக்கு நோட்டும் அதோடு போனது. எனக்கு அதுதான் அதிகப் பயம்.

வாலாஜா ரோடு

எல்லாம் சரி, சீனா? உலக ஆயுதக் கணக்கு வைக்கிற ஸிப்ரி நிறுவனத்தின் 2025 மதிப்பீட்டில் அணு குண்டு இந்தியாவிடம் சுமார் 180, பாகிஸ்தான் சுமார் 170, சீனா சுமார் 600. பாகிஸ்தானோடு இத்தனைதான் என்று எண்ணிக்கையைக் கட்டிப்போட்டால் வடக்கே இருக்கிறவரிடம் என்ன சொல்வது? நாம் சீனாவைப் பார்த்துச் செய்வதைப் பாகிஸ்தான் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறது. மூன்று பேர் விளையாட்டை இரண்டு பேர் உட்கார்ந்து முடிக்க முடியாது.

கம்மவான்பேட்டை சுபேதார்

வாலாஜா தம்பி சொன்னது சரி. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். உக்ரைனிடம் சோவியத் விட்டுப்போன அணு ஆயுதம் இருந்தது, 1900 அளவுக்கு. 1994 டிசம்பர் 5 புடாபெஸ்டில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் உன் எல்லையை மதிப்போம் என்று எழுதிக் கொடுத்தன. எல்லாவற்றையும் ஒப்படைத்தார்கள். 20 வருஷத்தில் கிரிமியா போனது. லிபியாவில் கடாஃபி 2003இல் அணு ஆயுதத் திட்டத்தை விட்டுக்கொடுத்தார், 2011இல் அவர் கதி என்ன ஆனது என்று எல்லாரும் பார்த்தோம். கொடுத்த ஆயுதம் திரும்ப வராது டீச்சரம்மா. காகிதத்தைக் கிழிக்க ஒரு நிமிஷம் போதும்.

பாய் சொன்ன நோட்டு எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் ஆளை நம்ம நிலையத்துக்குள் விட நான் சம்மதிக்க மாட்டேன். நீங்கள் விடுவீர்களா?

பள்ளிகொண்டா விவசாயி

பாய் கேட்டது, சுபேதார் ஐயா கேட்டது, இரண்டும் எங்கள் ஆற்றில் நடந்துகொண்டிருக்கிறது. பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திராவில் 33 கிலோமீட்டர், நம்மிடம் 222 கிலோமீட்டர் ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வதே எங்கள் ஊரில் ஆசைக்குத்தான். 1892இல் மைசூருக்கும் மெட்ராஸுக்கும் போட்ட ஒப்பந்தத்தில் பாலாறும் உண்டு. கீழே இருக்கிறவர் சம்மதம் இல்லாமல் மேலே புதிதாக அணை கட்டக் கூடாது. ஒப்பந்தம் செத்துப்போகவில்லை, இன்றைக்கும் எல்லாரும் அதைத்தான் காட்டி வழக்குப் பேசுகிறார்கள். ஆனாலும் 2016இல் ஆந்திராக்காரர்கள் பெரும்பள்ளத்தில் தடுப்பணையை 5 அடியிலிருந்து 12 அடிக்கு உயர்த்திவிட்டார்கள். நாங்கள் தெரிந்துகொண்டது எப்படி? யாரோ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். நம்ம ஆள் ஒருத்தர் அங்கே நின்று மாதம் ஒரு தடவை அளவுகோல் வைத்து அளந்து எழுதுகிற ஏற்பாடு அந்தக் காகிதத்திலேயே இருந்திருந்தால், முதல் சிமெண்ட் மூட்டை இறங்கும்போதே பேச்சு வந்திருக்கும்.

என் அப்பா காலத்தில் 30 அடியில் தண்ணி இருந்த கிணற்றை நான் மூடிவிட்டேன். ஒப்பந்தமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அளக்க ஆள் இல்லாத ஒப்பந்தம் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காட்பாடி பிசிக்ஸ் டீச்சர்

சுபேதார் ஐயா, விடுவீர்களா என்று கேட்டீர்கள். விட்ட இரண்டு நாடுகள் இருக்கின்றன. பிரேசிலும் அர்ஜென்டினாவும். இரண்டும் பரம்பரைப் போட்டி, இரண்டிலும் ராணுவ ஆட்சி நடந்தது, இரண்டும் ஒன்றுக்கொன்று தெரியாமல் யுரேனியம் செறிவூட்ட நிலையம் கட்டின. 1987இல் அர்ஜென்டினா அதிபர் அல்ஃபோன்சின், பிரேசில் அதிபர் சார்னேயைக் கூப்பிட்டுத் தங்கள் ரகசிய நிலையமான பில்கனியேவை நேரில் காட்டினார். மறு வருஷம் சார்னே தங்கள் நிலையத்தைக் காட்டினார். 1991இல் இரண்டு நாட்டுக்கும் பொதுவாக ஒரு முகமை அமைத்தார்கள். பிரேசில் நிலையத்தை அர்ஜென்டினா ஆட்கள் சோதிப்பார்கள், அர்ஜென்டினா நிலையத்தைப் பிரேசில் ஆட்கள். அது இன்றைக்கும் நடக்கிறது.

நீங்கள் சொல்லப்போவது தெரியும். அவர்களிடம் குண்டு இல்லை, நம்ம இரண்டு பேரிடமும் இருக்கிறது. அவர்களுக்கு நடுவில் காஷ்மீரும் கிடையாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாமும் ஒரேயடியாகக் கதவைச் சாத்தி வைத்திருக்கவில்லை. அமெரிக்காவோடு 2005இல் தொடங்கி 2008இல் முடிந்த ஒப்பந்தத்துக்காக 22 உலைகளில் 14ஐ முகமையின் சோதனைக்குத் திறந்துவிட்டோம். மற்ற 8ஐ வெளியே வைத்துக்கொண்டோம், கல்பாக்கத்து உலைகள் உள்பட. எதைத் திறப்பது, எதை மூடுவது என்று உட்கார்ந்து பிரிக்க முடியும் என்று நாமே செய்து காட்டியிருக்கிறோம்.

சத்துவாச்சாரி சிஸ்டர்

நான் தீக்காய வார்டில் நர்ஸ். அரசியல் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

60 கிலோ எடை உள்ள ஒருவருக்கு உடம்பில் பாதி வெந்துபோய் வருகிறார் என்று வையுங்கள். முதல் 24 மணி நேரத்தில் சுமார் 12 லிட்டர் திரவம் ஏற்ற வேண்டும். அரை லிட்டர் பாட்டில் 24. அதில் பாதி முதல் 8 மணி நேரத்திலேயே போக வேண்டும், அந்த 8 மணி நேரமும் வார்டுக்கு வந்த நேரத்திலிருந்து இல்லை, தீப்பட்ட நேரத்திலிருந்து கணக்கு. மணிக்கொரு தடவை சிறுநீரை அளந்து எழுத வேண்டும். டிரெஸ்ஸிங் மாற்ற மூன்று பேர் நிற்க வேண்டும், ஒருவர் கையைத் தூக்கிப் பிடிக்க, ஒருவர் பிரிக்க, ஒருவர் நோயாளியிடம் பேசிக்கொண்டே இருக்க. இது ஒரே ஒருவருக்கு. ஒரே நாளில் ஐந்து பேர் வந்தாலே எங்கள் வார்டு திணறிவிடும். இந்த வேலூரை நம்பி எந்தெந்த மாநிலத்திலிருந்தோ வைத்தியத்துக்கு வருகிறார்கள், அப்படிப்பட்ட ஊரிலேயே இதுதான் நிலைமை.

ஹிரோஷிமாவில் பத்தில் ஒன்பது டாக்டர்கள் அன்றைக்கே செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். பாட்டில் மாட்டவே ஆள் இல்லை. அதனால் நீங்கள் எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்று எழுதும்போது அந்தப் பக்கத்தில் இந்தக் கணக்கையும் எழுதுங்கள். ஜெயித்தவர் ஆஸ்பத்திரியிலும் இதே கணக்குத்தான்.

வாலாஜா ரோடு

சிஸ்டர், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நான் எண்ணிக்கையைப் பற்றித்தான் சொன்னேன், பேசவே வேண்டாம் என்று சொல்லவில்லை.

கணியம்பாடி அண்ணன்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது இது. எண்ணிக்கையைக் குறைப்பது பாகிஸ்தானோடு மட்டும் பேசி முடிகிற காரியம் இல்லை, சீனா இருக்கிறது. முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று அவர்களைச் சொல்ல வைப்பதும் சுலபமில்லை. நம்ம படை பெரிது, அந்தப் பயத்தில்தான் முதலில் பயன்படுத்துகிற உரிமையை விட அவர்கள் மறுக்கிறார்கள். மிஞ்சுவது தவறுதலாக நடக்கிற விஷயம். ஒருவன் பொத்தானை வேண்டுமென்று அழுத்துவதை எந்தக் காகிதமும் தடுக்காது என்று சுபேதார் ஐயா சொன்னால் நான் தலையாட்டுகிறேன். தெரியாமல் அழுத்திவிட்டால்?

சுபேதார் ஐயா, 2022 மார்ச் 9 ஞாபகம் இருக்கிறதா?

கம்மவான்பேட்டை சுபேதார்

இருக்கிறது. மறக்கக் கூடியதா? நம்ம பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று பராமரிப்பு நேரத்தில் தவறிக் கிளம்பிப் பாகிஸ்தானுக்குள் 124 கிலோமீட்டர் போய் மியான் சன்னு என்கிற ஊர் பக்கம் விழுந்தது. வெடிகுண்டு இல்லாமல் போனதால் பிழைத்தோம். நம்ம அரசாங்கம் வெளியே ஒப்புக்கொண்டது 11ஆம் தேதி. அப்புறம் மூன்று அதிகாரிகளை வேலையை விட்டு எடுத்தார்கள்.

இந்த இழைக்காகப் பழைய காகிதங்களைத் தேடினேன். 2005இல் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள், ஏவுகணைச் சோதனைக்கு மூன்று நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று. அது மேலே எழும்பி வளைவாகப் போய் விழுகிற பாலிஸ்டிக் ஏவுகணைக்கு மட்டும். பிரம்மோஸ், விமானம் மாதிரிப் பறந்து போகிற க்ரூஸ் ஏவுகணை, அதில் வராது. 2007இல் அணு ஆயுத விபத்து நடந்தால் சொல்ல வேண்டும் என்று இன்னொன்று. பிரம்மோஸில் இருந்தது அணு ஆயுதம் இல்லையே, அதிலும் வராது. இரண்டு காகிதத்துக்கும் நடுவில் ஒரு ஓட்டை, ஏவுகணை அந்த ஓட்டை வழியாகவே போயிருக்கிறது. அது 2025 மே 9 ராத்திரி நடந்திருந்தால், நம்ம ஆட்களே தவறுதலாகப் போனது என்று சொல்லியிருந்தாலும் அவன் நம்பியிருப்பானா? நான் அந்தப் பக்கம் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அதனால் என் பேச்சில் ஒரு திருத்தம். குண்டின் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறைக்கச் சம்மதிக்க மாட்டேன். நிலையத்துக்குள் அவர்கள் ஆளை விடவும் மாட்டேன், வியன்னா ஆள் வருவது வேறு விஷயம். க்ரூஸ் ஏவுகணையையும் சேர்த்து முன்கூட்டிச் சொல்வது, தவறு நடந்தால் இத்தனை நிமிஷத்துக்குள் போன் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எழுதி வைப்பது, இந்த இரண்டுக்கும் கையெழுத்துப் போடுவேன். அதில் நாம் இழப்பது கொஞ்சம் ரகசியம், கொஞ்சம் மானம். தவறை உடனே ஒப்புக்கொள்வது மானக்கேடுதான். பட்டாளத்துக்காரனுக்கு அது லேசில்லை. ஆனாலும் போடுவேன்.

மேல்விஷாரம் பாய்

ஐயா, நீங்க இந்த அளவுக்கு எறங்கி வந்ததே பெரிசு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. பராக்கிரம் முடிஞ்சப்புறம் புதைச்ச மைனை எல்லாம் நீங்கதானே திரும்ப எடுத்திருப்பீங்க? நோட்டுல எழுதுன கணக்கும் தோண்டி எடுத்த கணக்கும் ஒத்து வந்துச்சா?

கம்மவான்பேட்டை சுபேதார்

வரவில்லை பாய். மணல் நகர்ந்துவிடும், மழை வந்தால் வரிசையே மாறிவிடும். எங்கள் பகுதியில் இரண்டு குறைந்தது. மூன்று நாள் அந்தச் சதுரத்தையே குச்சியால் குத்திக் குத்திப் பார்த்தோம். ஒன்று கிடைத்தது. இன்னொன்று கிடைக்கவே இல்லை. அந்த இடத்தைச் சுற்றிக் கம்பி கட்டி, நிலத்துக்காரரைக் கூட்டி வந்து காட்டி, இங்கே ஒன்று இருக்கிறது, எந்த இடம் என்று எங்களுக்கே தெரியவில்லை என்று சொன்னோம். அவர் ரொம்ப நேரம் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் நோட்டில் கைநாட்டு வைத்தார்.